மூன்று படகுக் கணக்கு

பூட்டு என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தவர் ஐஸ் ஆலைக்காரர். ஒரு நாள் மற்ற படகுக்காரர்கள் எல்லாம் வெறுங்கையோடு திரும்பி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற வேளையில், இவர் மட்டும் பெட்டி நிறையக் களவா மீனோடு வந்து இறங்கினார். "எங்கய்யா பிடிச்சே?" என்று கேட்டதற்கு, "தண்ணிலதான்" என்று சொல்லிவிட்டு ஐஸ் உடைக்க உட்கார்ந்துவிட்டார். "இது வாய் இல்ல, பூட்டு" என்றார் ஐஸ் ஆலைக்காரர். அதுவே பேராகி நிலைத்துவிட்டது. பெண்டாட்டிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அதற்காக அவரை உம்மணாமூஞ்சி என்று நினைத்துவிடக் கூடாது. இன்ஜின் ரிப்பேர், பக்கத்து வீட்டுச் சண்டை, தன்னுடைய மூலவியாதி வரைக்கும் எல்லாவற்றையும் வாய் நிறையப் பேசுவார். மீன் பிடிக்கிற இடத்தை மட்டும் கேட்கக் கூடாது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தது அவர் அப்பா. அப்பா போன பிறகு அது மூன்று படகுக்குச் சொந்தமாயிற்று. ஒன்று பூட்டின் படகு. இன்னொன்று அப்பாவின் பழைய படகு, அதை ஓட்டியது பூட்டின் மச்சினன். மூன்றாவது பூட்டின் அக்கா வீட்டுக்காரருடையது. மூன்றும் தூண்டில் படகு. ஒருவர் போகிற அன்றைக்கு மற்ற இருவரும் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார்கள். முறை வைத்துத்தான் போவார்கள். லைசென்ஸ் மூன்று பேரில் இருந்தாலும் உலை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டின் தங்கை மீன்வள அலுவலகத்தில் வேலை பார்த்தாள். துறைமுகத்துக்காரர்களுக்கு அவள் ஆபீஸ்காரி. கல்யாணமாகிப் போன இடம் ஒத்து வராமல் திரும்பி வந்து, அண்ணன் வீட்டு மாடியில் இருந்தாள். காலையில் அண்ணி கட்டிக் கொடுக்கும் சோற்றுப் பெட்டியோடு கிளம்பினால், மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் நேரத்துக்கு ஆபீஸில் இருப்பாள். அவள் படியேறுவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று கீழே சைக்கிள் கடைக்காரர் சொல்வார். அலுவலகம் அந்தக் கடைக்கு மேல் மாடியில்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை, மூடினால் பழைய காகித வாடை. எது தேவலை என்பதில் அங்கே தினமும் சண்டை நடக்கும்.

அரசாங்கத்திடம் இருக்கிற எந்தத் தகவலையும் யார் வேண்டுமானாலும் மனுப் போட்டுக் கேட்கலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. நல்ல சட்டம்தான். மீன் சந்தைக் கூரை ஏன் இடிந்து விழுந்தது என்பது அதனால்தான் வெளியே வந்தது. கேட்பவரிடம் "எதுக்கு?" என்று கேட்கக் கூடாது. வருகிற மனுக்களுக்குப் பதில் தயார் செய்து, சொல்லக் கூடாததன்மேல் கறுப்பு அடிப்பது ஆபீஸ்காரியின் வேலை.

மீனவர்கள் நம்பிக் கொடுக்கிற விவரம் அப்படியே வெளியே போகக் கூடாது என்பது விதி. கடல் வரைபடத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கட்டத்தில் மூன்று படகாவது மீன் பிடித்திருந்தால், மூன்றையும் கூட்டி மொத்தமாகக் கொடுக்கலாம். ஒன்று, இரண்டு என்றால் கறுப்பு. மூன்று பேர் கணக்கைக் கலந்துவிட்டால் யாருடையது எது என்று தெரியாது என்று விதி எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். இன்னொரு விதியும் உண்டு. மீனோ ஆமையோ பறவையோ கூடிக் குஞ்சு பொரிக்கிற இடம் என்று பதிவாகியிருந்தால், எத்தனை படகு போனாலும் அந்தக் கட்டம் முழுக்கக் கறுப்பு.

பூட்டு ஆபீஸுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கத்துத் துறைமுகத்தில் பெரிய வலைப் படகுகள் பெருகிக்கொண்டே வந்த நாளில்தான் தங்கை அவரைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை சாத்திக்கொண்டிருந்தது. அண்ணி வறுத்த மீனை ஒவ்வொன்றாக வாணலியிலிருந்து எடுத்து நேராகத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ கணக்குக் குடுக்கலேன்னா, தூண்டில் படகே இந்தப் பக்கம் இல்லேன்னு எழுதிடுவாங்க அண்ணா. அப்புறம் மொத்தக் கடலையும் வலைக்காரங்களுக்குத் தெறந்து விட்டா யார்கிட்ட போய் அழுவே?"

"நான் ஏன் அழறேன்? அழுதா உங்க ஆபீஸ் வாசல்ல வந்து அழறேன்."

"வெளையாடாத. எந்தக் கட்டம், எந்த மாசம், எவ்வளவு எடை. அவ்வளவுதான் கேக்கறாங்க."

"அவ்வளவுதானா? எங்கப்பன் எனக்கே மீசை நரைக்க ஆரம்பிச்ச பொறவுதான் அந்த எடத்தக் காட்டினாரு. உன் ஆபீஸுக்கு நான் சும்மா தூக்கிக் குடுக்கணுமா?"

"உனக்கு மட்டுமா அப்பா? எங்கிட்டதான வரப் போகுது அந்தக் காகிதம்? என் கையத் தாண்டிப் போகணும்ல?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் மசிந்தார். மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். வீட்டில் மூன்று பேரைத் தவிர ஆள் இல்லை, ஆனாலும் தாழ்த்தினார்.

"அது வெறுமனே மீன் பிடிக்கிற எடம் இல்ல. அங்கதான் அதுங்க கூடும். கெழக்கே காத்து மாறினதும் எங்கெங்கயோ இருக்கிற களவா எல்லாம் அங்க வந்து சேரும். ஒண்ணுமேல ஒண்ணு ஒரசிக்கிட்டுக் கெடக்கும். சினையோட ஏறினா வாயக் கிழிக்காம முள்ளை எடுத்துத் திருப்பி விட்டுடுவோம். அதனாலதான் இன்னும் மீன் இருக்கு."

"இத எழுதிக் குடுத்துடலாம் அண்ணா. இது பெரிய விஷயம். எழுதினா முழுசா மறைச்சிடுவாங்க."

"மறைப்பாங்க. கூடவே எடத்த மூடறேன்னு வந்து எங்க மூணு பேரையும் வெளிய தள்ளுவாங்க. ஆமை முட்டை போடற கரையில என்ன பண்ணினாங்க? கால் வெக்க விடறாங்களா? எடை வேணும்னா எழுதிக்க. சினை கூடற எடம்ங்கிறது இந்தச் சோத்துத் தட்டோட நிக்கணும். வெளிய போச்சு, நான் உனக்கு அண்ணன் இல்ல."

"போகாது."

"தங்கச்சி சொல்லுது, நம்புங்களேன்" என்றாள் அண்ணி. அவளுக்கு நாத்தனார்மேல் அத்தனை பாசம். படித்த பெண், பொய் சொல்லாத பெண் என்று தெருவில் பெருமை அடித்துக்கொள்வாள். அவள் சொன்னதால்தான் மச்சினனும் அக்கா வீட்டுக்காரரும் கணக்குக் கொடுக்கத் தலையாட்டினார்கள்.

சில வருஷங்கள் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. தூண்டில்காரர்களுக்கென்று கொஞ்சம் கடலை ஒதுக்கியும் வைத்தார்கள். பூட்டு தங்கையிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் அவளுக்குப் பிடித்த கொழுத்த கன்னச் சதையைத் தன் தட்டிலிருந்து எடுத்து அவள் தட்டில் வைப்பார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த நன்றி.

பிறகு அந்த மனு வந்தது. யாரோ ஒருவர், ஊர் பேர் கேள்விப்படாத ஆள், கட்டவாரியாக, மாதவாரியாகக் களவா பிடிபட்ட எடை வேண்டும் என்று நாலு வரியில் கேட்டிருந்தார். மாணவராக இருக்கலாம், வியாபாரியாக இருக்கலாம். கேட்கத்தான் கூடாதே.

ஆபீஸ்காரி கட்டம் கட்டமாகப் பார்த்துக் கறுப்பு அடித்துக்கொண்டே வந்தாள். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மூன்று படகு. அண்ணன், அக்கா வீட்டுக்காரர், அண்ணியின் தம்பி. விதிப்படி கூட்டிக் கொடுக்கலாம். கூட்டினால், ஒரே ஒரு மாதத்தில் மட்டும் எடை ஏறி நிற்பதைக் கண் இருக்கிறவன் எவனும் பார்ப்பான். ஒரு சின்னக் கட்டத்துக்குள் மீன் காட்டும் கருவியோடு போகிற படகுக்கு இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதும்.

எதிர் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர் தன் சித்தப்பா படகு இருந்த பக்கத்தை, விதி இடம் கொடுக்காதபோதும் கறுப்படித்தார் என்று விசாரணை வைத்து, மலையோர அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே குளத்து மீன்கூடக் கிடையாது. சொந்தக்காரங்களுக்குக் கடலையே ஒளிச்சு வெச்சான் என்று தேநீர்க் கடையில் அவரைப் பற்றி இன்னும் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

மேலதிகாரி நல்ல அம்மாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இந்தக் கட்டத்துல எத்தன படகும்மா?"

"மூணு, மேடம்."

"மூணும் தனித்தனி லைசென்ஸா?"

"தனித்தனிதான் மேடம்."

"அப்ப கூட்டிக் குடுத்துடலாம்." பேனாவை எடுத்தவர் கையெழுத்துப் போடாமல் நிறுத்தினார். "இதுல வேற ஏதாவது நான் தெரிஞ்சுக்க வேண்டியது இருக்கா?"

இப்படி ஒரு கேள்வியை எந்த மேலதிகாரி கேட்பார்? ஆபீஸ்காரிக்குச் சொல்ல இரண்டு விஷயம் இருந்தது. மூன்று படகும் என் வீட்டு ஆட்களுடையது, மூன்றும் ஒன்றுதான், இந்தப் பக்கத்தை வேறு யாராவது பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். அல்லது, அது சினை கூடுகிற இடம் என்று சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லியிருந்தாலும் அந்தப் பக்கம் அங்கேயே நின்றிருக்கும். முதலாவதைச் சொன்னால், காலி நாற்காலிக்காரரைப் போலத் தன்னையும் பேசுவார்கள் என்று பயந்தாள். இரண்டாவதைச் சொன்னால், அண்ணன் அண்ணன் இல்லை.

"இல்ல மேடம்" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு மனசு லேசாகக்கூட இருந்தது. சொந்தம் என்று பார்க்காமல் விதிப்படி நடந்துகொண்டோம் என்று நினைத்தாள். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

கிழக்கே காற்று மாறியது. கடல் கலங்கல் தெளிந்து, காலையில் கரை ஓரம் கண்ணாடியாக இருந்தது. முதல் முறை மச்சினனுடையது. விடிந்ததும் போனவன் வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்துவிட்டான். பெட்டி காலி. படகைக் கட்டக்கூட இல்லை, கயிற்றைக் கையில் பிடித்தபடி தண்ணீரில் நின்றான்.

"மாமா, அங்க படகு நிக்குது."

"எங்க?"

"அங்கதான். வலைப் படகு. ஒண்ணு ரெண்டு இல்ல. நெருங்க எடம் இல்லாம நிக்குது."

பூட்டு அன்று பக்கத்துத் துறைமுகத்துக்கு பஸ் ஏறிப் போனார். ஏலத் தரையில் களவா மலையாகக் கிடந்தது. அத்தனையும் வயிறு உப்பியது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வயிற்றைக் கிழித்துச் சினையைத் தனித் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தொட்டி நிறைய மஞ்சள். காலில் மீன் தண்ணீர் நனைய, ஏலம் முடிகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தார். யாரோ, "அண்ணே, நீங்க வாங்கறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று தலையை ஆட்டியிருக்கிறார்.

படகுகள் அங்கிருந்து நகரவில்லை. மீன் தீருகிற வரைக்கும் எதற்கு நகர வேண்டும்?

வீட்டில் இடி விழுந்தது மாதிரி ஆயிற்று. பூட்டுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். அந்த இடம் மூன்று பேருக்குத்தான் தெரியும், தான் சொல்லவில்லை. அக்கா வீட்டுக்காரர் மூத்தவர், பெருந்தன்மையான மனுஷன். மிஞ்சியது மச்சினன். அவன் கொஞ்சம் குடிப்பான் என்பது வேறு.

"எவன்கிட்டடா உளறினே?"

"சத்தியமா இல்ல மாமா."

"குடிச்சுட்டு உளறினவனுக்கு உளறினது ஞாபகம் இருக்குமா?"

"அவன் சின்னப் புள்ளையிலேர்ந்து உங்க கூடதான கெடக்கான்?" என்றாள் அண்ணி. "அவன் வாயத் தெறந்தத நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல. கடல் பாத்துச்சு."

மச்சினன் படகுச் சாவியைக் கொண்டு வந்து வாசல்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கூப்பிட்டும் வரவில்லை. அண்ணி சமைப்பாள், எல்லாருக்கும் போடுவாள், தான் சாப்பிட மாட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வீட்டில் இருந்துகொண்டு சுவரைப் பார்த்துப் பேசினார்கள். மாடியில் இருந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படிவரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணி தட்டை வைத்துவிட்டு உள்ளே போகப் பார்த்தபோது, ஆபீஸ்காரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவன் இல்ல அண்ணா. நான்தான்."

பூட்டு நிமிர்ந்து பார்த்தார். "நீ என்ன?"

"மனு வந்துச்சு. அந்தக் கட்டத்துல மூணு படகு இருந்துச்சு. மூணு இருந்தா கூட்டிக் குடுக்கலாம்னு விதி. குடுத்துட்டோம். எந்த மாசம் ஏறுதுன்னு அதுல தெரியும்."

"மூணு படகுன்னா மூணு வீடாடி?" என்றாள் அண்ணி. "ஒரே வீடுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"என் வீட்டு ஆளுங்கன்னு மறைச்சுட்டேன்னு பேர் வந்துடுமோன்னு..."

"பேரா? வாங்கிட்டியே இப்ப, நல்ல பேரு! என் தம்பிய வாசப்படியத் தாண்ட வெச்சுட்டு, மேல உக்காந்து நல்ல பேரு வாங்கினியா?" அண்ணி அழுதுவிட்டாள். அழுகையோடு நாத்தனார் கையை உதறினாள். பெருமை அடித்துக்கொண்ட வாயல்லவா, அதனால் கோபமும் அதிகம்.

பூட்டு கத்துவார் என்றுதான் இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சினை கூடற எடம்னு சொல்லியிருந்தா?"

"முழுசா மறைச்சிருப்பாங்க. மூணு படகு, முப்பது படகு, எதுவா இருந்தாலும்."

"சொல்லலியா?"

"நீ சொல்லாதேன்னே அண்ணா."

தட்டிலேயே கையைக் கழுவினார். "ஆமா. நான்தான் சொன்னேன்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு மச்சினனைத் தேடிப் போனார். அவன் காலைப் பிடித்தாரோ கையைப் பிடித்தாரோ தெரியாது, சாயங்காலம் அழைத்துக்கொண்டுதான் வந்தார். அண்ணி அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டாள்.

மறுநாள் ஆபீஸ்காரி மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் கேட்டேனேம்மா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்று லைசென்ஸானாலும் ஒரே குடும்பமாக இருந்தால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். சினை கூடுகிற இடம் என்பதையும் பதிவு செய்தார். இனிமேல் யார் கேட்டாலும் அந்தக் கட்டம் கறுப்பாகத்தான் போகும். ஆனால் போனதைத் திருப்பிக் கேட்க எந்தச் சட்டத்திலும் வழி இல்லை.

வீட்டில் பழையபடி பேச்சு வந்துவிட்டது. இன்ஜின், பக்கத்து வீடு, மூலவியாதி எல்லாம் வந்தது. கடலைப் பற்றி மட்டும் அவள் இருக்கும்போது யாரும் பேசுவதில்லை. மச்சினன் ஏதாவது ஆரம்பித்தால், அண்ணி குழந்தைக்குச் சொல்வது மாதிரிக் கண்ணைக் காட்டுவாள். ஆபீஸ்காரி அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி எழுந்து மாடிக்குப் போய்விடுவாள்.

அடுத்த வருஷம் காற்று மாறியபோது, ஒரு லீவு நாள் காலையில் பூட்டு மாடிப்படியின் கீழே நின்று கூப்பிட்டார். "வரியா? போய்ட்டு வரலாம்."

அவர் பெண்டாட்டியைக்கூடப் படகில் அந்த இடத்துக்கு அழைத்துப் போனதில்லை. ஆபீஸ்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி ரொட்டியும் அவித்த முட்டையும் பிளாஸ்கில் தேநீரும் கொடுத்து அனுப்பினாள். மச்சினன் படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டுக் கரையிலேயே நின்றான்.

வெகு தூரம் போய் இன்ஜினை நிறுத்தினார். "அங்க பாரு. தண்ணித் தொட்டி, அதுக்குப் பின்னால குன்று பொளந்த மாதிரி இருக்கா? தொட்டி அந்தப் பொளவுக்குள்ள வந்து நிக்கணும். இந்தப் பக்கம் வெளக்குக் கம்பம், அந்த நீளக் கட்டடத்தோட மூலையில ஒட்டணும். ரெண்டும் ஒட்டற எடம்தான் இது."

"ஏன் அண்ணா எனக்குக் காட்டறே?"

"இப்பதான் ஊருக்கே தெரியுமே. நீயும் ஒரு தடவ பாத்துக்க."

தூண்டிலை இறக்கினார். விரலில் கயிற்றைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தார். எழுப்பி, இரை மாற்றி, மறுபடி இறக்கினார். உள்ளங்கை அளவு மீன் ஒன்று ஏறியது, களவா இல்லை. முன்பெல்லாம் இந்த நாளில் கயிறு அடியைத் தொடுவதற்குள் பிடுங்குமாம். வெயில் உச்சிக்கு வந்தது. ரொட்டியைப் பிட்டுத் தங்கையிடம் பாதியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, சாப்பிட முடியாமல் அழுதாள். "மன்னிச்சிடு அண்ணா" என்றாள்.

"விடு. ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணினோம்" என்றார்.

கயிற்றைச் சுற்றி வைத்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினார். பாதி வழியில் படகின் வேகம் குறைந்தது. பூட்டு கரையை ஒரு தடவை பார்த்தார், தங்கையைப் பார்த்தார், மறுபடி கரையைப் பார்த்தார்.

"கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கிறியா?"

தண்ணீர் தெறிக்கும் என்று சொல்கிறார் என்று அவள் முதலில் நினைத்தாள். கடல் அலை இல்லாமல் கிடந்தது. பிறகு புரிந்தது, இது வேறொரு இடம்.

"தப்பா எடுத்துக்காத. வெறுங்கையோட போக முடியாது. வீட்டுல நம்மளப் பாத்துட்டு இருப்பாங்க."

"இல்ல அண்ணா. நீ பாத்துக்க."

கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். முன்னால் கரை இல்லை, தொட்டி இல்லை, கம்பம் இல்லை, வெறும் தண்ணீர். பின்னால் இன்ஜின் கொஞ்சம் முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, நின்றது. கயிறு படகின் விளிம்பில் உரசிக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் பலகையில் மீன் ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது.

"பெரிசா அண்ணா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"பரவால்ல" என்றார்.